சுண்டெலியின் குருதிப் புற்றுநோயும் தாய்மாரின் காப்பும்

மொனராகலைப் பகுதியிலே எலி என்ற சொல் நல்ல நினைவு எதனையும் எழுப்புவதில்லை. வெல்லவாய, புத்தல, சியம்பலாண்டுவ ஆகிய இடங்களில் வயலில் இறங்கும் உழவர்க்கு அது எலிக்காய்ச்சலை நினைவூட்டும். பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களின் லயக் காம்பராக்களிலே வாழ்வோர்க்கு அது அரிசிச் சாக்கின் பகை. எலிக்காய்ச்சலை உண்டாக்குவது எலியின் சிறுநீரோடு சேற்றில் கலக்கும் ஒரு பற்றீரியா. காலிலுள்ள சிறு கீறல் வழியாக அது உடலினுள் நுழைகிறது. வயல் வேலை தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் வில்லை அதற்கான காப்பு. இவ்வளவும் ஊவா மக்கள் அறிந்ததே.

ஆயின் எலி இனத்திலே உள்ளங்கையில் அடங்கக்கூடிய வெள்ளைச் சுண்டெலி மனிதர்க்குச் செய்த உதவியைப் பலரும் அறியார். பதுளையிலோ மொனராகலையிலோ எச்.ஐ.வி. வைரசைத் தன் குருதியிலே கொண்ட ஒரு தாய், அவ்வைரசு சிறிதும் தீண்டாத குழந்தையைப் பெற்றெடுக்கிறாள் என்றால், அந்த நற்பேற்றின் வேரைத் தேடிச் செல்பவர் சுண்டெலிக்கு வரும் குருதிப் புற்றுநோயில் வந்து நிற்பார். அந்நோயைத் தோற்றுவிக்கும் வைரசுகள் மருந்துக்கு எவ்வாறு பணிந்தன, எம்மருந்துக்குப் பணிய மறுத்தன, உடலின் சொந்தப் படைக்கலமாகிய பிறபொருளெதிரிக்கு எவ்வாறு தோற்றன என்பதே இப்பேச்சின் பொருள்.

குருதிப் புற்றுநோய் என்பது குருதியின் வெண்குழியங்களோ அவற்றைப் பிறப்பிக்கும் கலங்களோ அளவின்றிப் பெருகும் நோய். மனிதரிடத்தே பெரும்பாலும் இதற்கும் வைரசுக்கும் தொடர்பில்லை. தென்மேற்கு ஜப்பானிலும் வேறு சில நாடுகளிலும் காணப்படும் ஒருவகைக் குருதிப் புற்றுக்கு மாத்திரம் ஒரு மனித வைரசு காரணமென்று 1980ஆம் ஆண்டையொட்டி நிறுவப்பட்டது. ஆகவே, தோட்டத்துப் பிள்ளை ஒன்று இந்நோயோடு மகரகமை வைத்தியசாலைக்குப் போய்வருகிறதெனின், அதனோடு ஒரே பாயில் படுக்க மற்றப் பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை. அது தொற்றுநோயன்று. லயத்து எலியிடமிருந்து வருவதுமன்று.

சுண்டெலியின் நிலை வேறு. அதன் குருதிப் புற்றுக்கு வைரசு காரணமாகலாம் என்பதை முதன்முதல் காட்டியவர் போலந்திலே பிறந்து அமெரிக்காவிலே குடியேறிய லுட்விக் குரோஸ் என்னும் மருத்துவர். படைச்சேவையில் இருந்த காலத்திலே மோட்டார் வண்டியின் பின்பெட்டியிலே எலிகளை வைத்துக் காத்தவர் இவர் என்பர். நோயுற்ற எலியின் உறுப்புகளை அரைத்து, கலங்களையெல்லாம் வடித்தகற்றிய சாற்றை வளர்ந்த எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார், ஒன்றும் நிகழவில்லை. பின்னர், பிறந்து சில மணி நேரமேயான குட்டிகளுக்கு அதே சாற்றை ஏற்றினார். மாதங்கள் கழிந்தபின் அவற்றுக்கு நோய் கண்டது. 1951இல் அவர் இதனை வெளியிட்டபோது நம்பியவர் சிலரே. 1956இல் சார்லொட் பிரெண்ட் என்னும் அம்மையார், வளர்ந்த எலிக்கே சில வாரங்களில் நோயைத் தரும் வேறொரு வைரசை அறிஞர் கூட்டமொன்றிலே அறிவித்தபோதும் வரவேற்பு கசப்பாகவே இருந்தது. பிரெண்ட் வைரசு புகுந்த எலியின் மண்ணீரல் பத்து மடங்குக்கு மேல் வீங்கிவிடும். 1960இல் மொலோனியும் 1962இல் ரோஷரும் தத்தம் பெயரால் வழங்கும் இன்னும் இரு வைரசுகளைக் கண்டனர். ஐயம் கொண்டோரின் வாய் மெல்ல அடங்கிற்று.

குரோஸின் குட்டிகள் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. அது பின்னரும் திரும்பத் திரும்ப வரும். ஒரே வைரசு, ஒரே சாறு; வளர்ந்த எலிக்குத் தீங்கில்லை, பிறந்த குட்டிக்கோ மரணம். காரணம், பிறந்த குட்டியின் உடல் தனது எது, அயலது எது என்று பிரித்தறியும் ஆற்றலை இன்னும் முற்றாகப் பெறவில்லை. ஆகவே வைரசு தடையின்றிப் பரவுகிறது. எப்போது புகுந்தது என்பது, எது புகுந்தது என்பதைப் போன்றே முக்கியமாகிவிடுகிறது.

இவ்வைரசுகளின் உள்ளமைப்பை வெளிப்படுத்திய ஆண்டு 1970. உயிர்களின் பரம்பரைச் செய்தி டி.என்.ஏ. என்னும் இழையிலே எழுதப்பட்டு, அங்கிருந்து ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்படும் என்பதே அதுவரை விதியாக இருந்தது. சுண்டெலி வைரசு தன் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவிலேயே சுமந்து வருகிறது. கலத்தினுள் புகுந்ததும் தன் நொதியமொன்றினால் அதனைப் பின்னோக்கி டி.என்.ஏ. ஆக மாற்றி, அக்கலத்தின் சொந்தப் பரம்பரையலகுகளின் நடுவே செருகிவிடுகிறது. இந்நொதியத்தை டேவிட் பால்டிமோர் ரோஷரின் சுண்டெலி வைரசிலும், ஹோவர்ட் டெமின் கோழி வைரசொன்றிலும் ஒரே காலத்தில் தனித்தனியே கண்டனர். இருவரும் 1975இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். எச்.ஐ.வி.யும் இதே வகையைச் சேர்ந்தது என்பது 1980களிலே தெரியவந்தது. எலியில் கற்றது மனிதர்க்குப் பயன்பட்டதற்குக் காரணம் இந்த உறவே.

இனி மருந்துக்கு வருவோம். இங்கே தோல்வியொன்றின் கதை இருக்கிறது. 1964இல் அமெரிக்காவின் டிட்ரோயிட் நகரிலே ஜெரோம் ஹோர்விட்ஸ் என்னும் இரசாயன அறிஞர் புற்றுநோய்க்கெனப் புதியதோர் பொருளை ஆக்கினார். பிற்காலத்திலே ஏ.இசட்.ரி. என்றும் சிடோவுடின் என்றும் பெயர் பெற்றது அது. குருதிப் புற்றுள்ள சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பயன் சிறிதும் இல்லை. மருந்து அலுமாரியின் மூலைக்குப் போயிற்று.

ஏன் தோற்றது? குருதிப் புற்றின் கலத்தை அழிப்பதும், குருதிப் புற்றைத் தரும் வைரசை அடக்குவதும் வெவ்வேறு பணிகள். முன்னதற்கான மருந்துகளின் வரலாற்றிலே சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவுக்கு அழியாத இடமுண்டு. அவருடைய குழுவினர் ஆக்கிய அமினொப்டெரினைக் கொண்டு சிட்னி பாபர் 1948இல் நோயுற்ற பிள்ளைகளுக்குத் தற்காலிக நலம் தந்தார். அதன் உறவாகிய மெதொட்ரெக்சேட் இன்றும் வழக்கில் இருக்கிறது. அம்மருந்துகள் விரைந்து பிரியும் கலத்தைத் தாக்குவன. ஏ.இசட்.ரி.யோ வைரசின் நொதியத்தைத் தாக்குவது. ஹோர்விட்ஸின் காலத்தில் மருந்துகளைச் சோதிக்கப் பயன்பட்ட எலிப்புற்று இரசாயனப் பொருளினால் உண்டாக்கப்பட்டது. அதை ஓட்டும் வைரசு எதுவும் அங்கே இல்லை. வேடன் தேர்ந்தவனே, காட்டிலே விலங்குதான் இல்லை.

1974இல் ஜெர்மனியிலே வொல்பிராம் ஒஸ்டர்டாக் என்பவர் இதே பொருளை எடுத்துப் பிரெண்ட் வைரசு குடியிருந்த எலிக் கலங்களிலே இட்டார். வைரசின் பெருக்கம் அடங்கிற்று. அக்காலத்திலே மனிதருக்கு இவ்வகை வைரசினால் நோய் உண்டென்று எவரும் அறியாமையால் அச்செய்தியும் ஏட்டிலே உறங்கிற்று. பத்தாண்டு கழிந்து எயிட்ஸ் நோய் உலகை அச்சுறுத்தியபோது, பரோஸ் வெல்கம் நிறுவனத்தார் தம்மிடமிருந்த பொருள்களை எல்லாம் முதலில் சோதித்தது பிரெண்ட் வைரசு போன்ற சுண்டெலி வைரசுகளிலேதான். எச்.ஐ.வி.யைக் கையாள்வது ஆபத்து என்பதால் அதன் எலி உறவினரே முதற் சாட்சிகளாயின. 1985இல் எச்.ஐ.வி.யிலும் மருந்து வெற்றி கண்டது. 1987 மார்ச்சிலே அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கிற்று.

இம்மருந்து செயற்படும் முறையைப் பதுளைப் புகையிரதத்தைப் பார்த்தவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒரு பெட்டியின் பின்கொளுவியிலே அடுத்த பெட்டி மாட்டப்படுகிறது; அதன் பின்கொளுவியிலே அதற்கடுத்தது. வைரசின் நொதியமும் இவ்வாறே சிறு சிறு பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாய்க் கோத்து டி.என்.ஏ. தொடரைக் கட்டுகிறது. ஏ.இசட்.ரி. தோற்றத்திலே அப்பெட்டிகளுள் ஒன்றைப் போன்றது. ஆனால் பின்கொளுவி மாத்திரம் இல்லை. நொதியம் ஏமாந்து அதனை மாட்டிவிட்டால், அதற்குப் பின் எதனையும் மாட்ட இயலாது. தொடர் அவ்விடத்திலேயே முடிந்துவிடும்.

இதிலிருந்தே மருந்தின் எல்லையும் தெளிவாகிறது. கட்டி முடிந்து கலத்தின் பரம்பரையலகுகளோடு கலந்துவிட்ட தொடரை இம்மருந்து தொடவும் மாட்டாது. புதிய கலங்களைக் காக்கும்; பிடிபட்ட கலத்தை விடுவிக்காது. 1986இல் ரூத் ருப்ரெக்ட் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இதனை எலியிலே காட்டினர். ரோஷர் வைரசை எலிகளுக்கு ஏற்றினர். வைரசு ஏற்றியவுடன் ஏ.இசட்.ரி. பெறத் தொடங்கிய எலிகளுக்குத் தொற்று நிலைக்கவில்லை, மண்ணீரல் வீங்கவில்லை. நாட்கள் சென்றபின் மருந்து பெற்றவற்றின் ஆயுள் நீண்டது, நோயோ ஒழியவில்லை. மருந்தும் ஒன்றுதான், வைரசும் ஒன்றுதான். மருந்து தொடங்கிய வேளை மட்டுமே வேறு. மிகுதியாகக் கொடுத்தால் எலிக்குக் குருதிச்சோகை வரும் என்பதும் அப்போதே காணப்பட்டது. மனிதர்க்கும் அது உண்டு.

எலி வைரசு எல்லா எச்.ஐ.வி. மருந்துக்கும் பணியும் என்று எண்ணிவிடலாகாது. டெனோபோவிர் அதனை அடக்கும். செருகும் வேலையைச் செய்யும் நொதியத்தைத் தடுக்கும் ரல்டெக்ராவிரும் அடக்கும். நெவிராப்பின் அடக்காது, அது எச்.ஐ.வி.யின் முதல்வகை நொதியத்திலுள்ள ஒரு குழியிலே பொருந்தும்படி அமைந்தது, எலி வைரசின் நொதியத்திலே அக்குழி இல்லை. லமிவுடினும் அடக்காது. இது சற்று விரித்துரைக்கத் தக்கது. லமிவுடினை நீண்டநாள் பயன்படுத்தும்போது, குறிப்பாக மாத்திரைகளை ஒழுங்காக விழுங்காதபோது, எச்.ஐ.வி. தன் நொதியத்திலே ஒரேயொரு அமினோவமிலத்தை மாற்றிக்கொண்டு மருந்தை வென்றுவிடும். அந்த மாற்றத்தினால் வந்து சேரும் அமினோவமிலம் எதுவோ, அதுவே சுண்டெலி வைரசின் நொதியத்தில் அதே இடத்திலே இயல்பாகவே இருக்கிறது. அதாவது எச்.ஐ.வி. மருந்துக்கு அஞ்சிப் போய்ச் சேரும் புகலிடத்திலே எலி வைரசு பிறப்பிலிருந்தே குடியிருக்கிறது. மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாதீர் என்று வைத்தியர் கண்டிப்பதன் காரணம் இந்த ஒற்றை எழுத்து மாற்றந்தான்.

அடுத்தது பிறபொருளெதிரி. உடலுக்குள் புகும் பகைப்பொருளுக்கு எதிராக உடலே ஆக்கும் புரதம் அது. இதனை நூலிலே தேடிக் காண வேண்டியதில்லை. மொனராகலை வைத்தியசாலைக்குப் பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அதைப் போத்தலிலே பார்த்திருப்பார்கள். குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சேற்றி, அதன் உடல் ஆக்கும் பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுத்தே நஞ்சுமுறி மருந்து செய்கிறார்கள். தமிழ்நாட்டிலே மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியிலே 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துதவும் நஞ்சைக் கொண்டு இந்தியாவில் இம்மருந்து ஆக்கப்படுகிறது. நாகம், கண்ணாடி விரியன் முதலிய நான்கினுக்கு எதிராக அது வேலை செய்யும். சிங்களத்திலே குணகட்டுவா எனப்படும் மூக்கு நிமிர்ந்த சிறு விரியன் கடித்தால் அந்த இந்திய மருந்து உதவாது. பிறபொருளெதிரியின் குணம் இது: பூட்டும் சாவியும் போல ஒன்றையே அறியும். மேலும், நஞ்சு உறுப்புகளைக் கெடுக்குமுன் அது செல்ல வேண்டும்.

சுண்டெலி வைரசிலும் இவ்விரு குணங்களும் அவ்வாறே காணப்பட்டன. பிரெண்ட் அம்மையார் 1959இல், தகுந்த பிறபொருளெதிரிகள் உள்ள குருதிப்பாயத்தோடு தம் வைரசைக் கலந்து பின் எலிக்கு ஏற்றினால் நோய் வருவதில்லை என்று காட்டினார். வைரசின் மேற்பரப்பிலே பிறபொருளெதிரி ஒட்டிக்கொள்வதால், அது கலத்தின் வாயிலிலே நுழைய முடிவதில்லை. 1976இல் ரொபட் ஹியூப்னரும் குழுவினரும் இன்னும் கடினமான எலியை எடுத்துக்கொண்டனர். குரோஸ் ஆய்ந்த அந்த எலிக்குலத்திலே வைரசு வெளியிலிருந்து வருவதில்லை. பரம்பரையலகுகளோடு தாய் தந்தையரிடமிருந்தே வந்துவிடுகிறது. அவ்வெலிகளின் குட்டிகளுக்குப் பிறந்தவுடன் பிறபொருளெதிரி கொடுக்கப்பட்டது. உரிய வயதிலே வரவேண்டிய குருதிப் புற்று வராது தடுக்கப்பட்டது. பரம்பரையிலுள்ள வைரசு அழியவில்லை. அது விழித்தெழுந்து கலத்துக்குக் கலம் பரவும் வழி மாத்திரம் அடைக்கப்பட்டது.

இவையெல்லாம் இரவற் காப்பு. பாம்புக்கடிக்கு ஏற்றிய குதிரையின் பிறபொருளெதிரி நெடுநாள் தங்காதது போல, எலிக்கு ஏற்றியதும் சில வாரங்களிலே தேய்ந்துவிடும். ஆயின் பிரான்சின் மொன்பெலியே நகர ஆய்வாளர் 2005ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட முடிவு எதிர்பாராதது. சில நாள் வயதுடைய குட்டிகளுக்கு உயிர்கொல்லும் சுண்டெலி வைரசை ஏற்றி, உடனேயே ஒரேவகைப் பிறபொருளெதிரியைச் சில தடவை கொடுத்தனர். கொடுத்தது தேய்ந்து மறைந்தபின்னும் எலிகள் சாகவில்லை. தம் சொந்தப் பிறபொருளெதிரியைத் தாமே ஆக்கிக்கொண்டு நெடுங்காலம் வைரசை அடக்கி வாழ்ந்தன. வைரசும் பிறபொருளெதிரியும் பிணைந்த கட்டிகளை உடலின் காவற்கலங்கள் விழுங்கிப் பாடம் கற்றுக்கொண்டன என்பது அவர்கள் தந்த விளக்கம். இரவல் கொடுத்தது ஒரு வகையிலே தடுப்பூசியாகவே மாறிவிட்டது. எச்.ஐ.வி.க்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கைக்குழந்தைகளுக்கு அளிப்பது பற்றிய ஆய்வுகளுக்கு இவ்வெலிகளும் ஊக்கமளித்துள்ளன.

இடையே ஓர் எச்சரிக்கைக் கதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2009இல், நீங்காத களைப்பு நோயால் வருந்துவோரின் குருதியிலே சுண்டெலி வைரசைப் போன்ற ஒன்று இருப்பதாக விஞ்ஞான ஏடொன்றிலே செய்தி வந்தது. எச்.ஐ.வி. மருந்துகளுள் எவை அதனை அடக்கும் என்ற ஆய்வுகள் விரைந்து வெளியாயின. நோயாளர் சிலர் அம்மருந்துகளை விழுங்கவும் தொடங்கினர். 2011இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 1990களிலே மனிதப் புற்றுக் கட்டியொன்றை எலிகளிலே வளர்த்தபோது, எலியின் பரம்பரையிலிருந்த இரு வைரசுத் துண்டுகள் இணைந்து ஆய்வுகூடத்திலேயே பிறந்தது அவ்வைரசு. நோயாளர் உடலிலே அது இருந்ததேயில்லை. மருந்து வைரசை அடக்கியது உண்மை. அவ்வைரசு நோயாளரிடம் இருந்தது என்பதுதான் பொய். நெடுநாள் நோயால் சோர்ந்தவர்க்கு நம்பிக்கை கொடுத்துப் பின் பறித்தது சிறிய தீங்கன்று.

இனித் தாய்மாரிடம் வருவோம். 1988இல் ஆர்லீன் ஷார்ப், ருப்ரெக்ட், ருடோல்ப் யேனிஷ் ஆகியோர் கருவுற்ற சுண்டெலிகளுக்கு ஏ.இசட்.ரி. கொடுத்து ஆராய்ந்தனர். மருந்து சூல்வித்தகத்தைக் கடந்து கருவிலுள்ள குட்டியைச் சென்றடைந்து, அங்கே சுண்டெலி வைரசின் பெருக்கத்தைத் தணித்தது. ஆறாண்டு கழித்து 1994இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. மருந்து பெறாத தாய்மாரின் குழந்தைகளுள் நூற்றுக்கு 25.5 பங்கினர்க்கு வைரசு சென்றது. கருப்பத்திலும் பிரசவ வேளையிலும் தாய்க்கும், பிறந்தபின் ஆறு வாரம் குழந்தைக்கும் ஏ.இசட்.ரி. கொடுத்தபோது அது 8.3 ஆகக் குறைந்தது. பின்னர் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்து, அவ்வெண்ணை மேலும் வெகுவாகத் தாழ்த்திற்று.

இலங்கையிலே உள்நாட்டவர் ஒருவரிடம் எச்.ஐ.வி. முதன்முதல் காணப்பட்டது 1987இல். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் கிரந்தி நோயும் செல்வதை நாடு ஒழித்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. பெரிய மருத்துவமனைகள் மட்டும் பெற்றுத் தந்த பெருமையன்று அது. லயம் லயமாக ஏறி இறங்கும் மருத்துவமாது ஒவ்வொரு கர்ப்பிணியையும் முன்கூட்டியே பதிவு செய்து, சிகிச்சை நிலையத்துக்கு வரச்செய்து, குருதி எடுக்கச் செய்ததனால் விளைந்தது. மூன்றாம் மாதத்திலே வருபவளுக்கும் எட்டாம் மாதத்திலே வருபவளுக்கும் உள்ள வேறுபாடு, ருப்ரெக்டின் எலிகளுக்குள் இருந்த அதே வேறுபாடு. மடுல்சீமையின் மேற்பிரிவிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்ணுக்கு ஒரு நாட்சம்பளம் போகிறது என்பதும், குருதி எதற்கு எடுத்தார்கள் என்று லயத்திலே கேள்வி பிறக்கும் என்பதும் மெய்யே. எச்.ஐ.வி. சோதனை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகச் செய்யப்படுவது. எவரையும் ஐயுற்றுச் செய்யப்படுவதன்று. பதுளையிலும் மொனராகலையிலும் உள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிலே மருந்து இலவசம், பெயர் வெளிவராது.

பிள்ளை பிறந்தபின் தாயர் சிலர் கலங்கும் இடம் ஒன்றுண்டு. சாதாரண எச்.ஐ.வி. சோதனை வைரசைத் தேடுவதன்று; அதற்கெதிரான பிறபொருளெதிரியைத் தேடுவது. தாயின் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகம் வழியே குழந்தைக்குச் சென்று பதினெட்டு மாதம் வரையும் அதன் குருதியிலே தங்கலாம். அக்காலத்திலே அச்சோதனை வைரசு உண்டு என்று காட்டினாலும், காட்டுவது பெரும்பாலும் தாயின் இரவற் பொருளைத்தான். ஆகையால் குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களிலே வைரசின் பரம்பரைப் பொருளையே நேரடியாகத் தேடும் வேறொரு சோதனை செய்கிறார்கள். அதனைச் சில மாதங்களின்பின் மீண்டும் செய்கிறார்கள். பதினெட்டு மாதம் நிறைந்து, தாயிடமிருந்து வந்தவையெல்லாம் கரைந்தபின் எடுக்கும் குருதியிலே பிறபொருளெதிரி இல்லையெனின், அன்றைக்குத்தான் வைத்தியர் அக்குழந்தையின் கோவையை மூடுகிறார்.